இரவல் உப்பு

பேனா மாதிரி இருந்த கருவியைக் குழித் தண்ணீரில் முக்கி எடுத்துப் பார்த்த ஜுசாரா உதட்டைப் பிதுக்கினாள். தண்ணீர்த் திட்டத்துக்காக இடம் பார்க்க வந்தவள் அவள்.

"உப்பு, அக்கா. இதை மண்ணுக்குள்ள மறிச்சா ரெண்டே வருஷத்துல உங்க நிலம் பாழாப் போயிடும்."

நிலத்துக்காரி லிண்டவ்ரா குழிக்குள் எட்டிப் பார்த்தாள். காய்ந்த ஓடையின் மணலைப் பாறை வரை குறுக்கே வெட்டி, பிளாஸ்டிக் விரிப்பை நிறுத்தி மூடினால், பெய்கிற மழை மணலுக்குள்ளேயே தங்கும். வெட்டும் இயந்திரம் நாளை ஒரு நாள்தான் வரும். தடுப்பும் ஒன்றே ஒன்றுதான். அவள் நிலத்தில் ஒரு சோதனைக் குழி, மேலே பக்கத்து நிலக்காரன் டொர்ஜிவல் நிலத்தில் ஒன்று. பாறை இரண்டு இடத்திலும் சரியான ஆழத்தில் கிடைத்துவிட்டது. தண்ணீர் பார்ப்பதுதான் பாக்கி. இந்த வருஷமும் தண்ணீர் கைவிட்டால் ஆடுகளை விற்றுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு சாவோ பாவ்லோவில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான்.

"இதே மணல் ஊத்துல இருபது வருஷம் காபி போட்டுக் குடிச்சிருக்கேன் பொண்ணே. உப்பா?"

"ஊத்து மேலாப்புல இருந்துச்சு. இது பாறைக்குப் பக்கத்துல. அடியில உப்பு நிக்கும்."

டொர்ஜிவல் தோல் தொப்பியைக் கழற்றினான். அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானம் நடந்த நாளிலிருந்து அவன் அவளுக்கு 'கொம்பாத்ரே', அவள் அவனுக்கு 'கொமாத்ரே'. பன்னிரண்டு வருஷமாக ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

"மனசைத் தளர விடாதீங்க கொமாத்ரே. என் பக்கம் கட்டினா உங்களுக்குத் தண்ணி தராமலா இருந்துடுவேன்?"

அந்தப் பேச்சில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷன் என்று நினைத்தாள். பைத்தியக்காரி.

ஜுசாரா மேல்குழிக்குக் கிளம்பத் தன் பையை எடுத்தாள். அப்போதுதான் லிண்டவ்ரா தன் ஆடுகளைப் பார்த்தாள். நாலும் குழியின் விளிம்பில் மண்டியிட்டு மணலை நக்கிக்கொண்டிருந்தன. விரட்டினால் சுற்றிவந்து அதே இடத்தில் வாயை வைத்தன. அவள் குனிந்து ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பல்லில் கல்லுப்பு நொறுங்கியது.

அடியில் நிற்கிற உப்பு விளிம்பில் எப்படி வந்தது?

மூன்று நாளைக்கு முன் அவள் வீட்டு வாசலில் நின்று ஒருவன் கேட்டான்: "மாடு கன்னு போட்டிருக்கு கொமாத்ரே, கொஞ்சம் உப்பு குடுங்க." அவள் பெரிய அலுமினியப் பாத்திரம் நிறைய அள்ளிக் கொடுத்தாள். கன்று எப்படி இருக்கிறது என்றுகூட அக்கறையாக விசாரித்தாள்.

வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஜுசாரா, இந்தக் குழிய இறைச்சுக் காலி பண்ணிட்டு, புதுசா ஊறுற தண்ணிய அளந்து பாரு."

"அதான் பார்த்தாச்சே கொமாத்ரே," என்றான் டொர்ஜிவல்.

"எனக்காக ஒரு தடவை. நீங்களே இறைங்க. உங்க ஞானப் பொண்ணுக்குத் தண்ணி தேடுற வேலைதானே."

மறுக்க வழியில்லை. வாளியைப் போட்டு இறைத்தான். முதல் பத்து வாளி வேகமாக. பிறகு கை தளர்ந்தது. அவள் பக்கத்திலேயே நின்றாள். குழி காலியாகி, ஓரங்களிலிருந்து தண்ணீர் கசிந்து வந்ததும் அதையும் இறைக்கச் சொன்னாள். மூன்றாம் முறை ஊறியதில் ஜுசாரா கருவியை முக்கினாள். முகம் மாறியது.

"நல்ல தண்ணி. யாரோ மேலேயிருந்து உப்பைக் கொட்டியிருக்காங்க. யாரா இருக்கும் அக்கா?"

டொர்ஜிவல் வாளியைக் கீழே வைத்தான். "கொமாத்ரே, எட்டு மாடு வச்சிருக்கேன்..." என்று ஆரம்பித்தான்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நீங்க கையில தாங்கினவ."

ஜுசாரா அவனைப் பார்த்துவிட்டு, மேல்குழிக்குப் போக எடுத்த பையைக் கீழே வைத்தாள். தடுப்பு தன் நிலத்தில்தான் வரப்போகிறது என்று லிண்டவ்ராவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷம் வரவில்லை. முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் இப்படி வலித்திருக்காது. கேட்டிருந்தால் இன்னொரு பாத்திரம்கூடக் கொடுத்திருப்பாள்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பினாள். நாலு அடி போய் நின்றாள்.

"டொர்ஜிவல்," என்றாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"உப்புப் பாத்திரத்தை வேலியோரமா வச்சிட்டுப் போங்க. வீட்டுக்குள்ள வர வேண்டாம்."