அட்டைப்படத்தில் ஏழு பேர்

அந்தக் காலத்தில் எங்கள் ஊரான கரகோலில் குளிர்காலம் வந்தால் மின்சாரம் போய்விடும். எங்கள் கம்ப்யூட்டர் கிளப் ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் இருந்தது. ஒன்பது கம்ப்யூட்டர்கள், ஒரு இரும்பு அடுப்பு, சூரியகாந்தி விதைத் தோல் இறைந்து கிடக்கும் தரை. பள்ளி விட்டதும் நாங்கள் ஏழு பேரும் அங்கேதான் இருப்போம். கரண்ட் போனதும் மற்ற பையன்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் நகர மாட்டோம். திரையில் பாதியில் நின்றுபோன ஆட்டத்தை, எங்களில் மூத்தவனான தாலாய் வாயாலேயே தொடர்வான்.

"கணவாயில பனி இறங்குது. எதிர்ல ஓநாய் நிக்குது. யார் யார் என்ன பண்றீங்க?"

ஒருவன் வில்லை எடுப்பான். ஒருவன் பாறை மேல் ஏறுவான். நான் எப்போதும் மந்திரவாதி. எல்லோருக்கும் சின்னவனான அக்ஜோல், தன் அம்மா பின்னிக் கொடுத்த ஆரஞ்சு நிறக் காதுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓநாயோடு பேசிப் பார்க்கிறேன் என்பான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். தாலாய் மட்டும் சிரிக்காமல், ஓநாய் கேட்குமா என்று பார்க்க தாயக்கட்டை மாதிரி ஆட்டுக் கணுக்கால் எலும்பை உருட்டச் சொல்வான். இரண்டு குளிர்காலம் இப்படி ஓடியது. என்றைக்காவது இதை நிஜமான கேமாகச் செய்தால், அட்டைப்படத்தில் ஏழு பேர் முகமும் இருக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

இருபது வருடம் கழித்து, தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த அறையில், அந்த கேமை நான் செய்து முடித்தேன். நான் என்றால் நானும் பெர்மெட்டும். நான் கோட் எழுதினேன், அவள் படம் வரைந்தாள். பெர்மெட் தாலாயின் தங்கை. தாலாய் இப்போது அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறான்.

இணையக் கடையில் புதிய கேம்களுக்கு ஒரு வாரம் முன்னோட்டத் திருவிழா நடக்கும். ஒரு கேம் அதில் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். எங்கள் முறை வருகிற திங்கட்கிழமை. அந்த வாரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் நான்கு வருட உழைப்பு தண்ணீரில் போட்ட உப்புதான். பெர்மெட்டுக்குப் பக்கத்து நாட்டு அல்மாட்டியிலிருந்து ஒரு வேலைக் கடிதம் வேறு வந்திருந்தது. திருவிழா கைகொடுக்கவில்லை என்றால் போய்விடுவேன் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அவள் போய்விட்டால் கேமும் போய்விடும்.

புதன்கிழமை காலை அவள் என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். அந்த இணையக் கடையின் பக்கம் போலவே திரையில் நாற்பது கேம்களின் படங்களை விரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கி அடுக்கி, அதன் நடுவே எங்கள் அட்டையையும் வைத்திருந்தாள். ஒரு நொடி காட்டினாள், மறைத்தாள்.

"நம்மது எங்க இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. மறுபடி காட்டினாள். மறுபடியும் தெரியவில்லை. மூன்றாவது முறை, பழுப்பாக ஏதோ கொட்டிக் கிடந்த மாதிரி ஒரு கட்டத்தைக் காட்டினேன். அது வேறு யாருடையதோ.

"நாலு வருஷமா பாக்கற உங்களுக்கே தெரியல. கடைக்கு வர்றவன் ஒரு நொடிதான் நிப்பான், பைகே." பைகே என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

படத்தில் தப்பில்லை என்று வாதாடினேன். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு முகமும் உயிரோடு இருக்கிறது, ஏழு பேருக்கும் உரிய இடம் கொடுத்திருக்கிறோம் என்றேன். தாலாய் நடுவில், உயரத்தில். அவனுக்கு இரண்டு பக்கமும் வயதுப்படி மற்றவர்கள். கடைக்கோடியில், பாதித் தோள் மறைய, அக்ஜோல்.

"நீங்க என்னை அட்டைப்படம் போடச் சொல்லல. விருந்துல எலும்பு பங்கு வைக்கச் சொல்லியிருக்கீங்க" என்றாள் பெர்மெட்.

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு.

ஒன்பது வருடத்துக்கு முன் தாலாயின் கல்யாணம். பெண், அக்ஜோலின் அக்கா. விருந்தில் தட்டு வைக்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் ஊரில் ஆட்டை அறுத்தால் எந்த எலும்பு யாருக்கு என்பதில் விளையாட முடியாது. இடுப்பெலும்பு மூத்தவர்களுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும். முன்கால் எலும்பு இளசுகளுக்கு. அக்ஜோல் அன்று பெண் வீட்டு ஆளாக, சம்பந்தியாக வந்து உட்கார்ந்திருந்தான். எனக்கோ அவன் கிளப்பின் கடைக்குட்டி. முன்கால் எலும்பை வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். அவன் தட்டைத் தொடவில்லை. எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சின்னப் பையனுக்கு இவ்வளவு ரோஷமா என்று நானும் விட்டுவிட்டேன்.

பெர்மெட் அதையெல்லாம் கிளறவில்லை. ஏழு முகங்களையும் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதே நாற்பது படங்களுக்கு நடுவே வைத்துப் பார்ப்போம் என்றாள். தாலாயின் அகன்ற முகம் இருட்டில் கரைந்தது. என் மந்திரவாதி, கோணிப்பை மாதிரி இருந்தான். மற்ற நால்வரும் தாடிக்குள் மறைந்துபோனார்கள். அக்ஜோல் வந்ததும் மட்டும் என் கண் தானாக அங்கே போனது. கருநீல மலைக்கு முன்னால் ஆரஞ்சுத் தொப்பி. ஒரு புருவம் வெட்டுப்பட்டு, சரிந்த பார்வை. நீட்டிய வெறுங்கை. அதன் எதிரே ஓநாயின் மூக்கு.

வேறு யாரையாவது முயன்று பார்க்கலாம் என்றேன். பெர்மெட் கீழே போய்த் தையல்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவுக்கு கேம் என்றால் என்னவென்றே தெரியாது. வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி திரையைப் பார்த்தார், ஊசிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார், பிறகு விரலை அக்ஜோல் மேல் வைத்தார்.

"கையில ஒண்ணும் இல்லாம ஓநாய்கிட்ட போறானே, என்ன பண்ணப் போறான் இவன்?"

பார்த்த உடனே ஒரு கேள்வி கேட்க வைக்கிற படம். அட்டைக்கு வேறென்ன வேண்டும்?

அன்றே தாலாய்க்குப் போன் போட்டேன். எங்கேயோ லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தான். மூத்தவனைக் கீழே இறக்கிவிட்டுக் கடைக்குட்டியை மேலே உட்காரவைக்கிறாயா என்று அரைமணி நேரம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினான். கடைசியில், கேம் பிழைக்கட்டும், ஆனால் அக்ஜோலை நீயே கேள், என் மனைவி வழியாகக் கேட்காதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை அக்ஜோலைக் கூப்பிட்டேன். அவன் இதே ஊரில்தான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து பிழைக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் வந்தான். தலையில் லேசாக வழுக்கை. பெர்மெட்டிடம் நலம் விசாரித்தான். என்னை ஏறிட்டுப் பார்க்காமல் திரைமுன் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"மத்த ஆறு பேர் எங்க?"

கேமுக்குள் இருக்கிறார்கள், திறந்து உள்ளே போகிறவன் ஒவ்வொருவரையும் சந்திப்பான் என்றேன்.

"வேண்டாம். தாலாய் பைகே இருக்கும்போது அந்த இடத்துல நான் உட்கார முடியாது. நான் சின்னவன்தானே. உங்களுக்குத் தெரியாததா?"

மாலை ஆறு மணிக்குள் படம் இணையக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்போது மணி இரண்டரை. பெர்மெட் என்னைப் பார்த்தாள். தாலாய் சம்மதித்துவிட்டான், திருவிழாவுக்கு இன்னும் மூன்றே நாள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவன் கேட்டது அதுவல்ல என்பது எனக்கே தெரிந்தது.

"அன்னிக்கு நீ சம்பந்தி வீட்டு ஆளா வந்திருந்த. அந்த மரியாதையை நான் கொடுக்கல. தப்பு என்மேலதான், அக்ஜோல். ஒன்பது வருஷமா இதைச் சொல்லாம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு."

அவன் நாற்காலியைத் திருப்பினான்.

"எலும்புக்காகவா நான் எழுந்து போனேன்னு நினைச்சீங்க? வீட்ல இருக்கற நாய்க்குக்கூட அதைவிட நல்ல எலும்பு போடுவேன். நீங்க என் முகத்தைப் பாக்கவே இல்ல, பைகே. தட்டை வெச்சீங்க, போனீங்க. எதிர்ல இருக்கறது யாருன்னே பாக்கல."

தப்புதான் என்று மறுபடியும் சொன்னேன். இந்த முறை அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவன் தலையசைத்தான். பிறகு திரைப் பக்கம் திரும்பி, வேறு குரலில் பேச ஆரம்பித்தான்.

"கேம் பேரை யார் எழுதினது? இத்தனை சுழி எதுக்கு? தெருவுக்கு அந்தப் பக்கம் நிக்கறவன் படிக்க முடியாத பலகையை நான் செஞ்சா கடைக்காரன் என் தலையிலேயே போடுவான். சுழியெல்லாம் வெட்டு. எழுத்து கொழுத்து நிக்கணும். பின்னால வெளிச்சம் வை."

பெர்மெட் வெட்டினாள். எழுத்து கொழுத்தது. தொப்பியின் ஆரஞ்சையே எழுத்துக்கும் கொடுத்தாள். ஓநாயை இன்னும் அருகே கொண்டுவரச் சொன்னான் அவன். விரல் இத்தனை நீளமாக இருந்தால் தன்னைப் பியானோ வாசிப்பவன் என்று நினைப்பார்கள் என்றான். மூன்று பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே திரையைப் பார்த்தோம். நான் எங்கே இருக்கிறேன், எந்த வருடம் என்பதே கொஞ்ச நேரம் எனக்கு மறந்துபோயிருந்தது.

ஐந்தே முக்காலுக்குப் படத்தை அனுப்பினோம்.

திருவிழாவின் முதல் நாளிலேயே, முந்தைய மூன்று மாதங்களில் வந்ததைவிட அதிகம் பேர் எங்கள் பக்கத்தைத் திறந்தார்கள். வாரக் கடைசியில் ஆறாயிரம் பேர் கேமைத் தங்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். யாரோ ஒரு பிரேசில்காரன், ஓநாயோடு பேசித் தப்பிக்க முடியுமா என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தான். முடியும், ஆனால் அதிர்ஷ்டம் வேண்டும் என்று பதில் போட்டேன்.

அல்மாட்டி நிறுவனத்துக்குப் பெர்மெட் இரண்டு வரியில் நன்றி சொல்லி எழுதினாள். தாலாய் எங்கோ நெடுஞ்சாலையிலிருந்து குரல் செய்தி அனுப்பினான். இரண்டாம் பாகத்தின் அட்டையில் தன் முகம்தான் வர வேண்டுமாம். அதை அவள் சத்தமாக வைத்து எல்லோரும் கேட்கும்படி போட்டாள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அக்ஜோல் கையை நீட்டிப் போனை வாங்கிப் பதில் செய்தி பேசினான்.

"மச்சான், சின்ன சைஸ்ல உங்க மூஞ்சி உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. வேணும்னா பின்னாடி மலையா வெச்சுக்கறோம்."