சூளை ஆறுவதற்குள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலைப் புதூர்நாட்டில், மூடிக் கிடந்த ஒரு பீங்கான் சூளையின் கதவருகே உள்ளங்கையை நீட்டியபடி ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். தாடியில் பெயிண்ட் ஒட்டியிருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘ஜவ்வாது மலையின் மீது மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த...’ வேண்டாம். மேகம் யாருக்கு வேண்டும்?

இரண்டாவது: ஓவியர் ஜீவானந்தம் அறுபதைத் தாண்டித்தான் மண்ணைத் தொட்டார். தொடவைத்தவர்கள் இருவர். மலையில் சூளை வைத்திருக்கும் சிற்பி வெண்ணிலா, நண்பர்களை ஒரு வாரம் வந்து தங்கச் சொன்னார். வந்தவர்களில் ஒருத்தி, ஓவியக் கல்லூரியில் கூடப் படித்த திரௌபதி. (வயதுக்கு ‘அவர்’ போட வேண்டும். ஜீவானந்தத்துக்கு அவள் என்றைக்கும் ‘அவள்’தான், அதனால் எனக்கும்.) ஓரமாகத் தூரிகையோடு உட்கார்ந்திருந்தவரை அவள்தான் மண் வனையும் சக்கரத்தின் முன்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

“இன்னா ஜீவா, கை அழுக்காவும்னு பாக்குறியா? ஒக்காரு.”

உட்கார்ந்தார். மண் சுழன்று கைக்குள் எழும்பியபோது கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் எதையும் தொடாமலே வரைந்துவிட்டோமே என்றிருந்தது. (இந்த வாக்கியம் கொஞ்சம் அதிகம். அடிக்க மனம் வரவில்லை.)

3

இந்த மனிதர்மேல் எனக்கொரு சந்தேகம். திரௌபதியைக் கல்லூரிக் காலம் தொட்டு விரும்புகிறார். ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. இப்படியும் ஒருவர் இருப்பாரா? இருப்பார். உங்கள் தெருவிலேயே இருப்பார்.

அவள் இன்றைக்கு மலையிறங்குகிறாள். அடுத்த வாரம் கனடாவில் மகள் வீட்டுக்கு, ஒரேயடியாக.

அவளுக்கென்று ஒரு கோப்பை செய்தார். கல்லூரி நாளில் அவள் கட்டிவந்த சேலையின் நீலம் அதில் வேண்டும். சுட்டால் கண்ணாடிப் பூச்சாகும் கரைசலை இங்கே கிளேஸ் என்கிறார்கள். வெண்ணிலா ஒரு வாளியைக் காட்டினார்.

“இதுல முக்குங்கண்ணா. நீலம் வரும்.”

“இது ரோஸ் கலர்மா.”

“சுடறதுக்கு முன்ன அப்டிதாங்க இருக்கும். நீங்க பெயிண்ட்டுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க.”

முக்கினார். ஆனால் ஆயுள் முழுக்க நிறம் பார்த்த கண் கேட்கவில்லை. வெண்ணிலா அந்தப் பக்கம் போனதும் தன் நீலப் பெயிண்டை எடுத்து மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டார். ஓவியனைத் தவிர வேறு யாரும் செய்யாத முட்டாள்தனம். சூளை மூட்டிய பிறகுதான் சொன்னார்.

“ஐயோ அண்ணா! அது எரிஞ்சி பூடுமே. கூடவே கிளேஸும் உரிஞ்சி வந்துச்சின்னா?”

4

சூளை நாளைக்குத்தான் ஆறும். சூட்டோடு திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விடும். ஜீப்போ* வந்து நிற்கிறது.

முடிவு ஒன்று: திறக்கிறார். நீலம்! அவள் கையில் வாங்கும்போது கோப்பை விரிகிறது. படிக்க அழகுதான். ஆனால் வெண்ணிலாவின் பாத்திரங்களும் சேர்ந்து பாழாகும். ஜீவானந்தம் அப்படிச் செய்கிறவர் இல்லை.

முடிவு இரண்டு: கோப்பையைக் கனடாவுக்குப் பார்சலில் அனுப்ப, ஒரு பனிக்காலக் காலையில் அவள் அதில்... இல்லை. அங்கே அவர் இருக்க மாட்டாரே.

முடிவு மூன்று: அவளே ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். எழுதும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அடித்துவிட்டேன். அவர் கேட்காமல் அவள் ஏன் தங்க வேண்டும்?

(*நாளைக்கும் இதே நேரத்துக்கு ஜீப் உண்டு. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.)

5

திரௌபதி பையோடு வருகிறாள். அவர் கதவருகே கையை நீட்டிப் பார்க்கிறார்.

“இன்னும் சூடாவா கீது?”

“ம்.”

“இன்னா கலரு வரும்?”

“தெர்ல.”

“நீயா? தெரியாம ஒரு கோடு போட மாட்டியே!”

சிரித்தாள். சிரித்துவிட்டு அங்கேயே நின்றாள். டிரைவர் ரங்கன் ஹாரன் அடித்தார். ஜீவானந்தம் கையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

“திரௌபதி, ..........................”

புள்ளிகளின் மேல் நீங்கள் எழுதுங்கள். நீங்கள் யாரிடமாவது சொல்ல வைத்திருப்பதையே எழுதினாலும் சரி, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். ரங்கன் இன்னொரு தரம் ஹாரன் அடிக்கிறார். அவள் இன்னும் நகரவில்லை.