அறுபதாம் படி

கோபம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. ஊருக்கே தெரியும். அன்றைக்கு மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு மலைப்படி ஏறினேன். ஏறாமல் அங்கேயே நின்றிருந்தால் சடகோபன் வாத்தியார் மண்டையை உடைத்திருப்பேன்.

1944, டிசம்பர் 31. ஞாயிற்றுக்கிழமை. எங்கள் திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. அதை வைத்து எங்கள் வாசகசாலைக்காரர்கள் மூன்று வருடமாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அந்த வருடம் செத்துப்போன பெரிய மனிதர்களுக்கு, அவரவர் செத்த நாளின் படியில், வருடக் கடைசி அந்தியில் ஒரு விளக்கு. ஏற்றுகிற சொந்தக்காரர் செத்தவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் கரண்டி எண்ணெய் விடுவார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த விளக்குக்கு ஊரில் இருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருடப் பட்டியலில் மூன்று பேர். நாயனக்காரர் கண்ணையன், பயில்வான் வீராசாமி, பள்ளிப்பட்டு பஸ்ஸின் மெக்கானிக் நஜீர் அகமது. மூன்று பேரும் தங்கம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் அம்மா அம்சா எங்கே? நாற்பது வருடம் இந்த ஊருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. பெரிய வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாகவே வந்தவள். அவளுக்கு ஒரு விளக்கு எரிய வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அதைத்தான் அன்று மத்தியானம் மலை அடிவாரத்தில் வாத்தியாரிடம் கேட்டேன். அவர் வாசகசாலைக் காரியதரிசி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கையெல்லாம் சுண்ணாம்புக்கட்டித் தூள். அப்போதுதான் படிகளில் பெயர் எழுதிவிட்டு இறங்கியிருந்தார்.

"இன்னா வாத்தியாரே, எங்கம்மா பேரு காணோம்?"

"கோவிச்சுக்காத பாஞ்சாலி. அம்சா செத்தது பிப்ரவரி இருபத்தொன்பது. நாலு வருசத்துக்கு ஒருவாட்டி வர்ற நாளு. மலையில இருக்கறது முந்நூத்தி அறுபத்தஞ்சு படி. அந்த நாளுக்குப் படியே இல்லம்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

மருத்துவச்சிக்கெல்லாம் விளக்கா என்று நேராகக் கேட்டிருந்தால் நானும் நேராகப் பதில் சொல்லியிருப்பேன். இவர் காலண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். பக்கத்தில் நஜீர் அகமதுவின் தம்பி ஷரீப், பஸ் விளக்கு ஒன்றைத் துடைத்தபடி தன் வாக்கியத்தைப் பாடம் செய்துகொண்டிருந்தான். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, வோணாங்க்கா, பொறுமையா இருங்க" என்றான். பொறுமையாம்!

படி ஏறினேன். எண்ணிக்கொண்டே ஏறினேன். அது அம்மா பழக்கம். அவளுக்கு எழுத்து தெரியாது. ஒரு பெண் தலை முழுகாமல் இருக்கிறாள் என்றால், அவளை மனசுக்குள் இந்த மலையின் முதல் படியில் நிறுத்திவிடுவாள். நாளுக்கு ஒரு படி. "குப்பம்மா இப்போ நூத்தி இருவதுல நிக்கறா" என்பாள். இருநூற்று எண்பதாம் படிக்கு வந்துவிட்டால் வெந்நீர் போடச் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். ஒரே சமயத்தில் ஏழெட்டுப் பெண்கள் அவள் மனசில் படி ஏறிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி கணக்கும் தப்பியதில்லை.

பிப்ரவரி இருபத்தெட்டின் படி ஐம்பத்தொன்பது. அதைத் தாண்டி அறுபதில் நின்றேன். ஒன்றும் எழுதியில்லை. வெறும் கல். அழுகை வந்தது. அழுதுகொண்டே மேலே போனேன். நூற்று அறுபத்திரண்டில் கண்ணையன் பெயர். இருநூற்று இருபத்தைந்தில் வீராசாமி பெயர்.

வீராசாமி ஆகஸ்ட் பன்னிரண்டில் போனான். மாரடைப்பு என்று சேதி வந்தபோது நான் ஒரு வீட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன், தேதி மறக்காது. சும்மா இருக்கமாட்டாமல் கை முட்டியில் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். வாத்தியார் சொன்ன மாதிரி இருபத்தொன்பதை விட்டு, பிப்ரவரிக்கு இருபத்தெட்டு வைத்துப் போட்டால் ஆகஸ்ட் பன்னிரண்டுக்கு இருநூற்று இருபத்து நாலுதான் வருகிறது. மறுபடி போட்டேன். அதே இருபத்து நாலு. கல்லில் இருப்பதோ இருபத்தைந்து.

அடி சக்கை! ஒரு படி எங்கிருந்து வந்தது?

இறங்கினேன் என்று சொல்லக் கூடாது, பறந்தேன். அதற்குள் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. பஜனைக்காரர்கள், நாயனக்காரரின் சீடர்கள், பயில்வானிடம் குஸ்தி பழகிய கோதா பையன்கள், ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த நெசவுக்காரர்கள். நல்லதாயிற்று.

"வாத்தியாரே! வீராசாமிக்கு எத்தினாவது படி?"

"இருநூத்தி இருபத்தஞ்சு."

"எப்படிப் போட்டீங்க?"

"இன்னா கேள்வி இது? ஜனவரி முப்பத்தொண்ணு, பிப்ரவரி இருபத்தொன்பது..."

மடக்கிய இரண்டாம் விரலைத் தானே பார்த்தார்.

"ஆங், சொல்லுங்க. பிப்ரவரிக்கு எத்தினி? எங்கம்மா செத்த நாளை எடுத்து பயில்வான் கணக்குல சேத்துக்கினீங்க. நாயனக்காரரு கணக்குல சேத்துக்கினீங்க. அந்த நாளு இல்லாம உங்களுக்குக் கணக்கே நிக்கலை. நாளு வேணும், அந்த நாள்ல செத்தவ மட்டும் வேணாமா?"

வாத்தியார் குந்தி உட்கார்ந்து முதல் படியில் சுண்ணாம்புக்கட்டியால் கூட்டிப் பார்த்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. மற்ற விஷயத்தில் எப்படியோ, கணக்கு என்று வந்துவிட்டால் அவர் யோக்கியமான மனிதர். காது சிவந்துபோய் எழுந்தார்.

"தப்புதான். முப்பத்தொண்ணும் இருபத்தொன்பதும் அறுபது. அறுபதாம் படி அம்சாவுது." பிறகு தலையைச் சொறிந்தார். "அப்போ இன்னைக்கு முந்நூத்தி அறுபத்தாறு ஆவுதே. இன்னிய நாளுக்குப் படி இல்லியே?"

"இன்னைக்குச் செத்தவங்க யாராச்சும் வந்து கேட்டா அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன்.

கூட்டம் சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். தானே அறுபது படி ஏறிப் போய் அம்மா பெயரை எழுதினார். அம்சா, மருத்துவச்சி. முத்து முத்தான எழுத்து.

விளக்கு கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போவதுதான் முறை. ஆக அந்த வருடத்தின் முதல் விளக்கு என் அம்மாவுடையது. எனக்கு அகல் இல்லை, எண்ணெய் இல்லை, ஒன்றும் கொண்டு போகவில்லை. வீராசாமியின் அம்மா, பெரிய வீட்டு அம்மாள், தான் மகனுக்காகக் கொண்டுவந்த இரண்டு அகலில் ஒன்றை என் கையில் வைத்தாள். ஏற்றினேன். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். வாக்கியம் எதுவும் யோசித்து வைக்கவில்லை. வீராசாமியின் அம்மாவைப் பார்த்தேன். சட்டென்று வந்துவிட்டது.

"பயில்வான் வீராசாமி தூக்காத கல்லு இந்த ஜில்லாவுல இல்ல, அந்த வீராசாமியை மொதல்ல தூக்கினது எங்கம்மா."

"கால் முன்னால வந்துச்சு" என்றாள் அந்த அம்மாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "ரெண்டு ராத்திரி. எங்க வூட்டு ஆம்பளைங்க பாடைக்கு மூங்கில் வெட்டப் போயிட்டாங்க. அம்சாதான் விடலை." குனிந்து முதல் கரண்டி எண்ணெயை அவள்தான் விட்டாள்.

அப்புறம் ஷரீப் வந்தான். "பெட்ரோல் கெடைக்காத இந்த யுத்தத்துல எங்க அண்ணன் கரியைப் போட்டு பஸ் ஓட்டினாரு. நானும் அவரும் இவங்க கையிலதான் பொறந்தோம்" என்று ஒரு கரண்டி. கோதா பையன்கள் வரிசையாக. நாயனக்காரரின் மகன். பேட்டை நெசவுக்காரர்கள். யுத்த காலம், எண்ணெய்க்கு நாயாய் அலைகிற காலம். சேர்த்து வைத்ததையெல்லாம் கரண்டி கரண்டியாக விட்டார்கள். வரிசை அடிவாரம் வரை நின்றது. நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அப்படியொரு பெருமை எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"மேல இன்னும் மூணு விளக்கு இருக்குப்பா! எண்ணெயை மிச்சம் வைங்க!" என்று வாத்தியார் கத்தினார். யார் கேட்டார்கள்?

எல்லாரும் விட்டு முடித்தபின் அவரே கடைசியாக வந்தார். கரண்டியில் எண்ணெய் மொண்டார்.

"எங்க வூட்டுல நாலு பேரு. நாலும் அம்சா கைதான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "சத்தமா சொல்லட்டுமா?"

"சொல்லுங்க வாத்தியாரே. நல்லா கேக்கற மாதிரி சொல்லுங்க."

சொன்னார். விட்டார். அகல் நிரம்பி வழிந்து, எண்ணெய் கீழே ஐம்பத்தொன்பதாம் படியில் இறங்கிப் பரவியது. யாராவது வழுக்கி விழுந்துவிடப் போகிறார்கள் என்று அவர் மேல்துண்டை எடுத்துத் துடைக்கக் குனிந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உடுங்க வாத்தியாரே. அடுத்த மூணு வருசம் இருபத்தொன்பது வராது. இருபத்தெட்டுலயும் எங்கம்மாவுக்கு ஒரு எடம் இருக்கட்டும்."