டெல்மார் சொன்னால் சரி

ஊர்ப் பனிக்குத் தப்பி அமெரிக்காவின் யூமா பாலைவனத்துக்கு வந்திருந்த எங்களுக்குப் பக்கத்து வண்டிவீடு வெர்லின், லோர்னா தம்பதியுடையது. ஓய்வுபெற்றவர்கள். வண்டியின் கழிப்பறைக் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும்படி லோர்னா காலையிலிருந்து கெஞ்சியும் வெர்லின் அசையவில்லை. சாயங்காலம் கூடத்தில் நாலு நாலு ஜோடியாக ஆடும் சதுர நடனத்தில் மட்டும், மைக்கில் அடவு சொல்லும் டெல்மார் "இடப்பக்கம்" என்றதும் சட்டென்று திரும்பினார்.

இடைவேளையில் லோர்னா டெல்மாரிடம் போய்த் தொட்டி விஷயத்தைச் சொன்னார்.

அடுத்த பாட்டிலேயே டெல்மார் ராகம் போட்டார்: "ஜோடியைச் சுத்து, கும்பிடு போடு, வெர்லின் போய்த் தொட்டியைக் காலி பண்ணு!"

வெர்லின் தாளம் தப்பாமல் வெளியே போனார். கூடமே சிரித்தது. கைகழுவித் திரும்பியவர் மனைவியிடம், "அந்த மனுஷன் எவ்ளோ பக்குவமா சொல்றாரு! நீயும் இருக்கியே!" என்றார்.