தலையணைக்கடியில் செல்போன்

புருஷனிடம் சொல்லிச் சொல்லி அதுனோலாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இபாதான் நகரத்தில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் லெகான் தினமும் செல்போனைச் சார்ஜரில் மாட்டி, சுவிட்சையும் போட்டு, தலையணைக்கடியில் செருகிக்கொண்டு படுப்பான். கரண்ட் வந்ததும் போன் அதிர்ந்து ‘டிங்’ என்று கத்தும். உடனே எழுந்து மோட்டார் போடுவான், சட்டைக்கு இஸ்திரி போடுவான். எட்டு மாதக் குழந்தை தாமி அதே கட்டிலில் படுத்திருக்கிறாளே என்ற நினைப்பு அந்த மனுஷனுக்குத் துளியும் கிடையாது.

“தாமி அப்பா, போன் அடுப்பு மாதிரி கொதிக்குது. கீழ வைங்களேன்.”

“கீழ வெச்சா சத்தம் கேக்காது. அப்புறம் தண்ணிக்கு உங்கம்மா வீட்டுக்குப் போவியா?”

“எங்கம்மாவ ஏன் இழுக்குறீங்க? புள்ளை பக்கத்துல நெருப்ப வெச்சுக்கிட்டு தூங்குறது நீங்க!”

“ஆறு மாசமா இதே பாட்டு. ஏதாவது ஆச்சா?”

வியாழக்கிழமை ராத்திரி அதுவும் ஆயிற்று. கருகிய நாற்றத்தில் விழித்த அதுனோலா முதலில் குழந்தையை வாரி எடுத்தாள். பிறகு சார்ஜரைப் பிடுங்கி, புகைந்த தலையணையை முற்றத்தில் வீசினாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் எப்போதோ வந்திருக்கிறது, ‘டிங்’ சத்தம் பஞ்சுக்குள்ளேயே அமுங்கிவிட்டது.

தலையணையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. தாமி தலை இருந்த பக்கம்.

லெகான் குழந்தையின் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தான். “சூடு எதுவும் படலையே? நீ பாரேன் அதுனோலா.”

“இப்ப பாருங்க. நல்லா பாருங்க!” என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

மறுநாள் ராத்திரி, தம்பியிடம் வாங்கி வந்த பழைய போனை அவன் கட்டிலுக்கு எட்டாத மூலையில், சிமெண்ட் தரையில் வைத்தான். அடியில் ஒரு பீங்கான் பூச்சுத் தட்டு. மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. போன் அதிர்ந்ததில் தட்டு கடகடவென்று ஆடிய ஆட்டத்துக்குப் பக்கத்து அறைக்காரியே எழுந்து, “கரண்ட் வந்துடுச்சு டோய்!” என்று கூவினாள்.

“பாத்தியா என் யோசனைய!” என்று லெகான் மோட்டார் போட ஓடினான்.

அதுனோலா தாமியை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“அந்தத் தட்டு நம்ம கல்யாணத்துக்கு வந்ததுங்க, பூச்சு உதிர்ந்துடப் போகுது,” என்றாள்.