யூதேயாவிலிருந்து வந்த சிட்டி

செபநாயகம் உபாத்தியாயருக்கு வேத நாட்டின் மீது பைத்தியம் என்று வட்டுக்கோட்டையில் எல்லாருக்கும் தெரியும். எருசலேமுக்குப் பக்கத்தில் தோண்டியெடுத்த மண்விளக்கு ஒன்றை ஓர் அமெரிக்கப் பாதிரியார் அவருக்கு அனுப்பியிருந்தார். யூத அரசர் காலத்தது, இரண்டாயிரத்தெழுநூறு வருடப் பழசு. விடிந்தால் பள்ளிக்கூடத்தில் வேத நாட்டுக் காட்சி. விளக்கைக் கழுவிக் கிணற்றுக்கட்டில் காயவைத்துவிட்டு, 'தொடக்கூடாது' என்று அட்டை எழுத உள்ளே போனார். எழுத்து அழகாக வரவேண்டுமே என்று நாலு அட்டை எழுதினார். திரும்பி வந்தபோது விளக்கைக் காணவில்லை.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பங்கு. அடுத்த வீட்டுப் பராசக்தி, எண்ணெய் குடிக்காமலிருக்கத் தன் சிட்டி விளக்குகளை ஊறவைத்து அதே கிணற்றுக்கட்டில்தான் பரப்பியிருந்தாள். அன்று சைவ வீடுகளில் கார்த்திகை விளக்கீடு.

மனுஷன் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் வேட்டி கிழிய ஓடினார். பொழுது பட்டுவிட்டது. முற்றத்தில் நாற்பது சிட்டிகள் வரிசையாக எரிந்தன. படியோரத்தில், ஒரு பக்கம் வாய் குவிந்தது அவருடையது.

"ஐயோ தங்கச்சி, உது என்ரை விளக்கு! அணைச்சுத் தா!"

"வாய் கோணலாய்க் கிடக்க, சட்டிபானைக்காரன் ஏமாத்திப்போட்டான் எண்டெல்லோ நினைச்சன். ஏத்தின விளக்கை நாங்கள் அணைக்கமாட்டம் வாத்தியார். எண்ணெய் முடியட்டும், எடுங்கோ."

வேறு வழியில்லை. குந்தினார். அவருக்கு விளக்கைவிடத் தெருவாசல் படலைதான் பயம். விளக்கீடு பார்க்கப் போகிற சபையாரைக் கண்டிக்கச் சொல்லிப் போன கிழமைதான் போதகருக்கு நாலு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். இப்போது யாராவது எட்டிப் பார்த்தால் மானம் போய்விடும்.

ஆனால் பார்க்கப் பார்க்க, மனுஷனுக்குப் படலை மறந்துபோயிற்று. யாரோ ஒருத்தி கடைசியாக ஏற்றி வைத்தபின் இத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்த விளக்கு. மற்றதெல்லாம் காற்றில் ஆட, அதன் சுடர் அந்தக் கோணல் வாயில் நிமிர்ந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கியது.

சுடர் சுருங்கத் தொடங்கியது.

"முடியுது வாத்தியார். இனி எடுக்கலாம்," என்றாள் பராசக்தி.

"கொஞ்சம் எண்ணெய் விடு, தங்கச்சி."

"என்ன?"

"விடு எண்டிறன்!"

அவள் சிரித்துக்கொண்டு எண்ணெய்ப் போத்தலை நீட்டினாள். அவரே வார்த்தார். நிமிர்ந்தால், படலையில் குடையோடு போதகர்.

"இது... காட்சிப் பொருள், ஐயா," என்றார் செபநாயகம், கையில் எண்ணெய்ப் போத்தலோடு.

"உம்முடைய கடிதம் கிடைச்சது, வாத்தியார்."

செபநாயகம் தலை குனிந்தார். வாடைக்காற்று ஒன்று முற்றத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. போதகர் உள்ளே வந்தார், குடையை விரித்தார், காற்று வந்த பக்கமாக அந்த விளக்குக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.