சரிவில் ஓடிய நேர்சால்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையை ஒட்டிய காப்புக்காட்டுச் சரிவில், மரக்கன்று நடுவதற்காக அறுபது ஏக்கர் நிலத்தை டிராக்டர் கொண்டு உழுது பதப்படுத்தும் வேலை, 1961ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் இருவருக்குப் பாதிப்பாதியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒருவர் வடமதுரைச் சோலைமலை. மற்றவர் திண்டுக்கல் பேகம்பூர் அப்துல் வாஹித். மழைக்காலம் முடிந்தபின் இரு பாதிகளையும் பார்வையிட்டு, எவர் வேலை நன்றாக இருக்கிறதோ அவருக்கே மறு ஆண்டு ஐந்நூறு ஏக்கரும் கொடுக்கப்படும் என்று வனத்துறை ரேஞ்சர் இருவரையும் ஒன்றாக நிறுத்திச் சொல்லியிருந்தார்.

சோலைமலைக்கு அந்த ஐந்நூறு ஏக்கரைவிட, அது வாஹித்துக்குப் போய்விடக் கூடாது என்பதே பெரிதாக இருந்தது.

வடமதுரைப் பக்கத்தில் முதன்முதலாக டிராக்டர் வாங்கியவர் அவர். அதற்கு முன்பு மாட்டு ஏர் பூட்டிய காலத்திலேயே, அவர் உழுத சால் வரப்பிலிருந்து வரப்புக்கு நூல் பிடித்தாற்போல் ஓடும். கடலைக் காட்டில் விதைப்பு நடக்கும்போது அதைக் காண்பதற்கென்றே அயலூரார் வந்து நிற்பதுண்டு. வாஹித்தோ தோல் மண்டிக் குடும்பத்தில் பிறந்தவர். மேழியைத் தொட்டறியாதவர். ஏலத்தில் எடுத்த பழைய டிராக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு இத்தொழிலுக்கு வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. அப்படிப்பட்டவரையும் தம்மையும் ஒரே தராசில் வைத்துவிட்டார்களே என்னும் எண்ணம் சோலைமலையின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

சரிவின் குறுக்கே, ஒரே மட்டமாகச் சுற்றி உழ வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் நிபந்தனை. வாஹித் இதற்காக ஆண்டிச்சாமி என்னும் கொத்தனாரை அழைத்து வந்தார். சுவர் எழுப்புவோர் மட்டம் பார்க்கும், முனைகளில் கண்ணாடிக் குழல் செருகிய நீண்ட ரப்பர்க் குழாயில் தண்ணீரை நிரப்பி, அதன் இருமுனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எங்கே சமமாக நிற்கிறதோ அங்கெல்லாம் சுண்ணாம்புப் பொடியைத் தூவிச் சென்றனர். டிராக்டர் அந்த வெள்ளைக் கோட்டின்மேல் நடந்தது. சரிவின் மேடுபள்ளங்களுக்கேற்பக் கோடு வளைந்தது; கோட்டுக்கேற்பச் சாலும் வளைந்தது.

சோலைமலை இதைக் கண்டு தம் ஆட்களிடம், "கொத்தனாரைக் கூட்டிவந்து காடு உழுகிற ஆளை இன்னைக்குத்தானப்பா பார்க்கேன். நாளைக்குத் தையக்காரனைக் கூட்டியாந்து நாத்து நடுவாரு" என்று சொல்ல, அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர்.

அவரும் முதல் இரண்டு நாள் குறுக்காகவே உழுதார். ஆனால் கண் மட்டத்தை நம்பி உழுதார். மூன்றாம் நாள் சாலைக்கு இறங்கி நின்று பார்த்தபோது, வாஹித்தின் சால்கள் வளைந்தும் ஒன்றையொன்று நெருங்காமலும் விலகாமலும் போவதையும், தம் சால்கள் ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் பிரிந்து, கலைந்த தலைமயிர்போல் கிடப்பதையும் கண்டார். அவருடைய முகம் கறுத்தது. அதே வேளையில் ரேஞ்சர் தம் பிளாஸ்கிலிருந்து வாஹித்துக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் ரேஞ்சர் அப்பக்கம் மூன்று முறை நின்றார். தம்மிடம் ஒரு முறைதான் நின்றார் என்பதும் சோலைமலையின் நினைவில் இருந்தது.

மறுநாட்காலையில் வாஹித்தே வந்து, தம் பங்கில் கோடிடும் வேலை உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிடும் என்றும், அதன்பின் கொத்தனாரையும் குழாயையும் அனுப்பி வைப்பதாகவும் பணிவாகச் சொன்னார். வேறு எவர் சொல்லியிருந்தாலும் சோலைமலை ஏற்றிருப்பார்.

"எனக்கு எதுக்கு பாய் கொத்தனாரு? நான் என்ன கிணறா கட்டப்போறேன்?" என்று கேட்டுவிட்டு, டிராக்டரில் ஏறி அமர்ந்தார்.

நிபந்தனை கிடக்கட்டும், நேர்சாலில் தம்மை வெல்ல ஆளில்லை என்ற எண்ணத்தில், அன்று அவர் சரிவின் உச்சிக்கு வண்டியை ஏற்றிச் சென்று, அங்கிருந்து சாலையை நோக்கி நேராக இறக்கினார். பின்னால் பூட்டிய சட்டிக் கலப்பை செம்மண்ணைப் புரட்டிக்கொண்டே வந்தது. அடுத்த சாலும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. முன்பு குறுக்காக உழுததையும் அழித்து, ஆறு நாட்களில் முப்பது ஏக்கரையும் அவர் முடித்தபோது, சரிவு முழுவதும் சீப்பால் வாரியதுபோல் இருந்தது. நத்தம் பேருந்தில் போனவர்கள் சன்னலோரம் நகர்ந்து பார்த்தனர். ஒரு நடத்துநர் தலையை வெளியே நீட்டி, "யாரு உழவுண்ணே இது? அந்தப் பக்கம் என்ன, கள்ளுக் குடிச்சவன் உழுததா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே சோலைமலை அடுத்த நாளும் அதே நேரத்தில் சாலையோரம் வந்து நின்றார்.

ரேஞ்சர் அதற்குள் வேறு பணியாக வெளியூர் சென்றிருந்தார்; மழை வரும்வரை திரும்பவில்லை. வாஹித் மட்டும் மீண்டும் ஒருமுறை வந்தார். யாரும் அருகில் இல்லாத இடமாகப் பார்த்து, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஐப்பசி மழை எறங்குச்சுன்னா ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாப் போயிரும். இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகலை" என்றார்.

சோலைமலை அவரை ஏற இறங்கப் பார்த்தார். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, தம் மனைவி பெருமாயியிடம் நடந்ததைச் சொல்லி, "பாய்க்குப் பொறாமை. ஊரே என் உழவைப் பேசுதுல்ல, அவருக்குப் பொறுக்கலை" என்றார். இதைச் சொல்லும்போது அவருக்கு இருந்த நிறைவு, பல நாட்களாக அவர் அறியாதது. பெருமாயி தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை எடுத்து வைத்தாள்.

ஐப்பசி பிறந்த பத்தாம் நாள், பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் சோலைமலை சென்றபோது, அவருடைய சரிவுக்கு நேரே சாலையில் பேருந்து நின்றுகொண்டிருந்தது. நேர்சால்கள் அனைத்தும் தண்ணீரைத் திரட்டிக் கீழே தள்ளியிருந்தன. மேல்மண் முழுவதும் இறங்கிச் சாலையை முழங்காலளவுக்கு மூடியிருந்தது. சரிவில் எஞ்சியவை சரளையும் ஆளிறங்கும் ஓடைகளுமே. பயணிகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவருடைய செம்மண்ணை மிதித்து நடந்தனர். அவரைப் புகழ்ந்த நடத்துநரும் அவர்களுள் ஒருவர். அவர் சோலைமலையை அடையாளம் கண்டு, ஒன்றும் கேளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டிருந்தாலும் பரவாயில்லை.

அப்பால் வாஹித்தின் பாதியில் ஒவ்வொரு வளைந்த சாலும் தன் பங்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

ரேஞ்சர் அன்றே வந்தார். கடிந்து பேசவில்லை. ஐந்நூறு ஏக்கர் வாஹித்துக்கு என்றும், சோலைமலை தம் பாதியைத் தம் பொறுப்பிலேயே மட்டம் பார்த்துத் திரும்ப உழுது தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

குழாயைக் கேட்காமல் இனி வழியில்லை. இரண்டு நாள் தயங்கியபின் சோலைமலை பேகம்பூருக்குச் சென்றார். வாஹித் தம் வீட்டு வாசலில் டிராக்டரின் கீழே படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தவர், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வரவேற்றார். கேட்பதற்கு முன்பே குழாய் வந்தது. உள்ளேயிருந்து தேநீரும் வந்தது. விடைபெறும்போது வாஹித், "அண்ணே, ஒண்ணு சொல்றேன். அந்த நேர்சால் எனக்கு இந்த ஜென்மத்துல வராது. பஸ்ஸுல போறவங்க எட்டி எட்டிப் பார்க்கையில எனக்கு வயிறு எரிஞ்சது நெசம்" என்றார்.

சோலைமலை திரும்பும் வழியெல்லாம் குழாயைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டே வந்தார். ஐந்நூறு ஏக்கர் போன துயரம் பாதி தணிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதற்காரியமாகப் பெருமாயியை அழைத்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேனில்ல? பாயே வாயைத் திறந்து சொல்லிட்டாரு, வயிறு எரிஞ்சதுன்னு."

பெருமாயி சோற்றை இட்டவாறே சொன்னாள்:

"உங்க மனசு ஆறட்டும்னு சொல்லியிருப்பாரு. அவருக்கு அந்தக் குணமும் இருக்குங்க."

சோலைமலை பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த குழாயின் இரு முனைகளிலும் எஞ்சிய தண்ணீர் சமமாக நின்றது. அவருடைய வயிறு, முன்னைக்காட்டிலும் அதிகமாக, மீண்டும் எரியத் தொடங்கியது.